கொடைக்கு முன் கடன்

பெரிய தொழில் நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டுகிறவர்களுக்கு, பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவும், கிராமத்துக் குடிநீர்த் தொட்டியும், மரக்கன்று நடும் நிர்வாகிகளின் புகைப்படங்களும் வழவழப்பான காகிதத்தில் அச்சாகியிருக்கும் பக்கங்கள் நன்கு பரிச்சயமானவை. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதித்ததன் பலனாக எத்தனையோ ஊர்களில் நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆயினும் அதே அறிக்கையின் பிற்பகுதியில், பொடி எழுத்தில் வரும் கணக்குக் குறிப்புகளுக்கிடையே, குறு, சிறு தொழில்களுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி இவ்வளவு, தாமதத்துக்கு ஏறிய வட்டி இவ்வளவு என்று சட்டப்படி வெளியிடப்படும் சிறு அட்டவணை ஒன்று உண்டு. ஒரு நிர்வாகத்தின் தர்மத்தை அளக்க விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம், இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் நாலைந்து ஆட்களுமாக, பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரரை எண்ணிப் பாருங்கள். இரும்பு வாங்கிய கடைக்கு ரொக்கம் கொடுத்து, சனிக்கிழமை தவறாமல் ஆட்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்து, மின் கட்டணத்தையும் கட்டி, சரக்கைப் பெரிய கம்பெனியின் வாசலில் பில்லோடு இறக்கிவிட்டு வருகிறார். பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பில்லுக்குரிய ஜி.எஸ்.டி.யைக் கெடு தவறாமல் அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். உள்ளேயோ, சரக்கு இன்னும் பரிசோதனையில் இருக்கிறது என்று வரவு வைக்காமலே சில வாரங்கள், கையெழுத்திட வேண்டியவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சில வாரங்கள், அடுத்த செக் அடிக்கும்போது பார்க்கலாம் என்று மேலும் சில வாரங்கள் கழிகின்றன. அவர் கடைந்த ஷாஃப்ட் பம்புக்குள் ஏறி, அந்தப் பம்பும் விற்றுப் பணமாகிவிட்ட பிறகும், அவர் வீட்டு நகை அடகுக் கடையில்தான் இருக்கிறது. வங்கியில் கேட்டால் வட்டி கொடுத்துப் பெற வேண்டிய நடைமுறை மூலதனத்தை, வட்டியில்லாமல், கேளாமலே, தன்னிலும் எளியவனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் காரியம் இது.

இதற்குச் சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்திருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்கு மேல் குறு, சிறு தொழில்களின் பாக்கியை நிறுத்திவைக்க இயலாது. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காத சரக்கு, இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டதாகிவிடும். தவணை தப்பினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டியாக ஏறும். உரிய காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாதென்று வருமான வரிச் சட்டமும் திருத்தப்பட்டது. விசித்திரம் என்னவென்றால், அந்தத் திருத்தத்தை ஒத்திவைக்கும்படி சில வியாபாரச் சங்கங்களே வேண்டிக்கொண்டன. பெரிய கம்பெனிகள் தங்களை விட்டு வேறிடம் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மும்மடங்கு வட்டி கேட்டு மனுப் போடுகிறவருக்கு மறு ஆர்டர் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சமூகப் பணிக்கான 2 சதவீதத்தைச் செலவிடாமலும் உரிய நிதிக்கு மாற்றாமலும் விட்டால் கம்பெனிக்கு அபராதம் விதிக்க 2021 முதல் வழி இருக்கிறது. பட்டறைக்காரரின் பாக்கியை வசூலிக்கவோ, அவரே தம் பிழைப்பைப் பணயம் வைத்து மனுவோடு நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த விஷயம் கடைசியில் கம்பெனிக்குள் மேஜைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் நிர்வாகியிடமே வந்து நிற்கிறது. அவர் கொடுமைக்காரர் அல்லர். வீட்டில் வேலை செய்கிற அம்மாளுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்துவிடுகிற, கோயில் கும்பாபிஷேகத்துக்கு மனமுவந்து நன்கொடை எழுதுகிற மனிதராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஆனால் பாக்கியை 60 நாளிலிருந்து 90 நாளுக்கு நீட்டியவருக்குத் திறமைசாலி என்ற பெயரும் அதற்கேற்ற ஊக்கத் தொகையும் கிடைக்கும் ஒரு ஏற்பாட்டுக்குள் அவர் வேலை செய்கிறார். அங்கே அநியாயம் ஒருவருடைய கைக்காரியமாகத் தோன்றாமல், எண்களின் அபிவிருத்தியாகத் தோற்றமளிக்கிறது. செல்வமுடையோர் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டுமென்று காந்தியடிகள் சொன்னதை நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் மேற்கோள் காட்டுகிறோம். பிறருக்குச் சேர வேண்டியதைத் தன்னிடம் நிறுத்திவைப்பவர் எப்படித் தர்மகர்த்தா ஆவார்?

இயக்குநர் குழுக்கள் மனம் வைத்தால் இதை ஒரே ஆண்டில் மாற்றலாம். சிறு தொழில்களின் பாக்கியை நீட்டுவதை நிர்வாகியின் வருடாந்தர மதிப்பீட்டில் சாதனையாகக் கணக்கிடுவதை நிறுத்தி, 45 நாட்களுக்குள் தீர்த்த பில்களின் விகிதத்தை அவ்விடத்தில் வைக்கட்டும்; ஏறிய வட்டியை, பட்டறைக்காரர் கேட்காமலே, பில்லோடு சேர்த்துக் கொடுக்கட்டும். பங்குதாரர்களும் வருடாந்தரக் கூட்டத்தில் டிவிடெண்டைப் பற்றி விசாரிக்கும் அதே குரலில், குறிப்புகளிலுள்ள அந்தச் சிறிய அட்டவணையைக் காட்டி, இந்தப் பாக்கி யாருடையது, எத்தனை நாளாக நிற்கிறது என்று தலைவரிடம் கேட்கட்டும்.