சராசரியை இரண்டு முறை படிப்பவர்கள்

பி.காம். பாடத்திட்டத்தில் வணிகப் புள்ளியியல் என்று ஒரு தாள் உண்டு. சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு. அதே பிள்ளை இன்னொரு பக்கம் பி.எஸ்சி. புள்ளியியலோ தரவு அறிவியலோ சேர்ந்தால், எடுத்த எடுப்பில் மறுபடியும் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனி அகமதிப்பீடு, தனித்தனித் தேர்வு. ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கி மற்றதில் அரியர் வைத்தால், ‘அங்கே தேறிவிட்டேனே’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு கூடாது என்று 2016-ல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு, 2022 ஏப்ரலில் மனம் மாறியது. இரண்டையும் கல்லூரிக்குப் போயே படிக்கலாம், வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்றை நேரிலும் மற்றொன்றை இணையத்திலோ அஞ்சல் வழியிலோ படிக்கலாம். இரண்டையுமே வீட்டிலிருந்தும் படிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. நல்ல முடிவு என்று அன்றே பலர் வரவேற்றார்கள். நமக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குழு கொடுத்தது அனுமதி மட்டும். இரண்டையும் கோத்துப் படிக்க ஒரு பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தரும் என்ற கேள்வியை மாணவர் தலையிலேயே விட்டுவிட்டது.

ஆஸ்திரேலியாவில் வணிகமும் அறிவியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம் வெகு சாதாரணம். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலும் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிளஸ் டூ முடித்ததும் நேரடியாகச் சேரலாம். தனித்தனியாகப் படித்தால் மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு. சேர்த்துப் படித்தால் நான்கே ஆண்டு. மீதி இரண்டு ஆண்டு எங்கே போயிற்று? மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பட்டத்திலும் மாணவர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ள ஒதுக்கிய இடங்கள் உண்டு. வணிகத்தின் காலி இடத்தில் அறிவியல் பாடங்கள் போய் உட்காரும், அறிவியலின் காலி இடத்தில் வணிகப் பாடங்கள் உட்காரும். பொதுவானவற்றை ஒருமுறை படித்தால் போதும். அவ்வளவு தூரம் போவானேன், பிலானியின் பிட்ஸ் நிறுவனத்தில் எம்.எஸ்சி. பொருளியலையும் பொறியியலையும் ஐந்தே ஆண்டில் முடிக்கும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது.

நம் ஊரில் ‘இரட்டைப் பட்டம்’ என்றாலே பள்ளி ஆசிரியர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் ஓராண்டில் இன்னொரு பட்டம் வாங்கி, அதைக் காட்டிப் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு கேட்டார். மூன்றாண்டு படித்தவரும் ஓராண்டு படித்தவரும் ஒன்றா என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது; மூன்றாண்டு படித்தவர் பக்கம் தீர்ப்பானது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. பாடத்தைப் பகிர்ந்துகொண்டு காலத்தைக் குறைக்கும் பட்டம் எதுவானாலும், ‘அரசு வேலைக்குச் செல்லுமா?’ என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் இல்லாதவரை எந்தத் தகப்பனும் பிள்ளையைத் துணிந்து சேர்க்கமாட்டார்.

வணிகம் படித்தவனுக்கு அறிவியல் எதற்கு என்று கேட்பவர்கள் திருப்பூருக்குப் போய்வரட்டும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயநீரில் ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போகாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலை வந்தது. இன்று அங்கே ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற என்ன விலை சொல்வது என்பது பாதி வேதியியல் கேள்வி. சவ்வு வடிகட்டி எத்தனை நாள் தாங்கும், கழிவுநீரில் உப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு மீட்டுத் திரும்பத் தொட்டியில் போடலாம், மிஞ்சியதை ஆவியாக்க எத்தனை யூனிட் மின்சாரம்? தேய்மானக் கணக்கு எழுதும் கணக்காளருக்குச் சவ்வு என்றால் என்னவென்று தெரியாது. சவ்வைக் கழுவும் வேதியியல் பட்டதாரிக்குத் தேய்மானம் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று முதலாளி மனக்கணக்குப் போடுகிறார். காப்பீட்டு நிறுவனங்களில் பிரீமியத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலையும் இப்படித்தான், நிகழ்தகவும் நிதியும் ஒரே தலையில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பிரிவினை கல்லூரியில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, பதினைந்து வயதில், ‘நீ ஃபர்ஸ்ட் குரூப், நீ தேர்ட் குரூப்’ என்று வரிசை பிரித்துவிடுகிறோம். கணிதம் இல்லாத வணிகப் பிரிவில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பி.எஸ்சி. கணிதத்தின் கதவு அன்றே மூடிவிடுகிறது. இதில் ஒரு ஜன்னலைத் திறந்தது சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அது தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம்; பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, நான்கு வாரப் பாடத்துக்குப் பின் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில். பகலில் பி.காம்., இரவில் பைத்தான் என்று படிக்கும் பிள்ளைகள் இன்று நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

‘சுமை அதிகமில்லையா?’ என்பார்கள். அதிகம்தான். பிள்ளைக்குக் கொஞ்சமும் விருப்பமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார் என்று இரண்டாவது பட்டத்தைத் திணிக்கும் பெற்றோரை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ.வுக்கும் உட்காரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதை யாரும் சுமை என்று சொல்லவில்லை, பெருமை என்றுதான் சொன்னோம்.

உண்மையான சிக்கல் கால அட்டவணையிலும் பேருந்திலும் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலைச் சுழற்சி, மாலைச் சுழற்சி என இரண்டு உண்டு. காகிதத்தில் பார்த்தால் காலையில் வணிகவியல், மாலையில் இயற்பியல் என்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கிராமத்திலிருந்து வரும் மாணவிக்கு மாலைச் சுழற்சி முடிந்தபின் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? இரண்டு படிப்புக்கும் 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்றால், ஆய்வகம் எந்த நேரத்தில்? இதற்கெல்லாம் மானியக் குழுவின் சுற்றறிக்கையில் பதில் இருக்காது, கல்லூரி முதல்வரின் மேசையில்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துறைக்கும் பாடத்திட்டக் குழு இருக்கிறது. வணிகவியல் குழு தனியாகக் கூடும், புள்ளியியல் குழு தனியாகக் கூடும். ஒன்று கூடுவது மற்றதற்குத் தெரியாது. இருவரையும் ஒரே ஒரு பிற்பகல், ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்தெந்தத் தாள் இருவருக்கும் பொது என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லலாம். முதல் வரியில் அந்தச் சராசரி வரும்.