ஈரம் மறைத்த தானியமும் இணையதள மாப்பிள்ளையும்

"பாய், இந்தச் சாயம் போகுமா?" என்று கேட்டால், "முதல் தண்ணியில் கொஞ்சம் போகும்மா, தனியா அலசுங்க" என்று உள்ளதைச் சொல்லி விற்கும் ஜவுளி வியாபாரி அவர். மீட்டர் அளவில் ஒரு விரற்கடை குறைய விடமாட்டார். அப்படிப்பட்டவர் தம் மகனுக்காகத் திருமண இணையதளத்தில் பதிந்திருந்த விவரத்தைப் பார்த்து அதிர்ந்து போனேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற பையன் அங்கே பட்டதாரி! துபையில் ஒரு கடையில் விற்பனையாளராக இருப்பவர் பன்னாட்டு நிறுவனத்தின் மேலாளர்! படமோ ஏழு வருடத்துக்கு முந்தையது. கேட்டால், "எல்லாரும் இப்படித்தானே போடுறாங்க" என்றார்.

பத்திரிகை அடித்த பிறகு பெண் வீட்டாருக்கு உண்மை தெரிந்தது. நிக்காஹ் நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு வரன் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணைத்தான் ஊர், 'கல்யாணம் நின்று போன பெண்' என்கிறது. எந்தப் பொய்யும் சொல்லாதவளுக்கு இந்தப் பட்டம்!

சகோதரர்களே! முன்பு தரகர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு தெருவும் ஒரு ஜமாஅத்தும் இருந்தன. இன்று பிரிட்டனில் 2000-இல் தொடங்கிய சிங்கிள் முஸ்லிம், 2015-இல் மஸ்மேட்ச் என்று தொடங்கி 2022-இல் மஸ் எனப் பெயர் மாறிய செயலி, சென்னையில் வேர்விட்ட பாரத் மேட்ரிமோனி என்று வரன் தேடும் இடம் மாறிவிட்டது. இதைக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பெண் பேச அனுப்பும் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். பேச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டளை மாறவில்லையே!

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்ல என்று எச்சரித்தார்கள். வியாபாரிகளுக்கு மனப்பாடமான ஹதீஸ் இது. மனிதர்கள் சரக்கல்ல, வெறும் தானியத்துக்கே இந்தச் சட்டம் என்றால், ஒரு பெண் தன் ஆயுளை ஒப்படைக்கும் விவகாரத்தில் ஈரத்தை அடியில் தள்ளி மூடலாமா?

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டனர். அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரிடம் செல்வம் இல்லை, மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பின்னர் உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். வரன் விஷயத்தில் குறையைச் சொல்வது புறம் அல்ல, அமானிதம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

"அப்படியானால் எங்கள் விவரத்தை யார் பார்ப்பார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். பார்ப்பார்கள்! 'நல்ல குணம், மார்க்கப்பற்று, எளிமை' என்று நூறு பேர் எழுதியதையே நூற்றியோராவது ஆளாக எழுதினால்தான் யாரும் பார்க்க மாட்டார்கள். "அப்பாவின் இரும்புக் கடையைக் கவனிக்கிறேன். வீடு திரும்ப இரவு பத்து ஆகும். உம்மா எங்களோடுதான் இருப்பார். மனைவி மேலே படிக்க விரும்பினால் படிக்கலாம்" என்று எழுதிப் பாருங்கள். அந்த நாலு வரியில் ஒரு வீடு தெரிகிறது. ஒத்துவராதவர் ஒதுங்கிக்கொள்வார், அதுவும் லாபமே. முதல் திருமணம் முறிந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். உடலில் நீடித்த நோய் இருந்தால், பேச்சு நிச்சயத்தை நெருங்கும் முன் பெண் வீட்டாரிடம் நேரில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'சிவந்த நிறம், வசதியான குடும்பம்' என்று எதிர்பார்ப்புப் பகுதியில் எழுதுகிறார்களே, அந்த 'வசதி'க்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் கேட்கும் வரதட்சணைக்குப் புதிய மொழிபெயர்ப்பு! 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததையும் மார்க்கம் வெறுத்ததையும் ஒரே சொல்லில் ஒளித்து வைக்கிறார்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளின் கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் அதில் போடாதீர்கள். படத்தை மங்கலாக்கி வைக்கவும், உரையாடலைப் பொறுப்பாளர் பார்க்கவும் மஸ் செயலியில் வசதி உண்டு; பயன்படுத்துங்கள். திருமணத் தளங்கள் திருமணத்துக்கு மட்டுமே, பொழுதுபோக்குப் பழக்கத்துக்கு அல்ல என்று மத்திய அரசே 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் அரசும் செயலியும் மாப்பிள்ளையின் கடைக்குப் போய் விசாரிக்காது. நீங்கள்தான் போக வேண்டும். அவர் தொழும் பள்ளியில் கேளுங்கள். அவரிடம் வேலை பார்க்கும் பையனிடம், மாதச் சம்பளம் சரியாக வருகிறதா என்று கேளுங்கள்.

அந்த ஜவுளிக்கடைக்காரர் போன வாரம் வந்தார். மகனின் விவரத்தைத் திருத்தி எழுத வேண்டுமாம். உட்கார்ந்து எழுதினோம். 'விற்பனையாளர்' என்று எழுதும்போது மட்டும் அவர் கை சற்றுத் தயங்கியது. எழுதிவிட்டார்.