மொழி அறிதலும் மொழி கற்பித்தலும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால் ஏற்காட்டை அடையலாம். காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அம்மலையில் இருவகை மாணவர் இரண்டாம் மொழி பயில்கின்றனர். மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகள் ஒரு வகையினர். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலைவாழ் மக்களான இவர்கள் பேசுவது தமிழின் ஒரு வழக்கே. வீட்டில் அவ்வழக்கைப் பேசும் பிள்ளைகள், பள்ளியில் எழுத்துத் தமிழைக் கற்று, அதற்கும் மேலாக ஆங்கிலத்தைப் பயில்கின்றனர். விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிற மாநில மாணவர் மற்றொரு வகையினர். அவர்களுக்குத் தமிழே புதிய மொழி.

இவ்விரு வகையினருக்கும் கற்பிக்கும் ஆசிரியரிடம் இருக்கவேண்டிய தகுதி எது? மொழியை நன்கு அறிந்தவர் அதனை நன்கு கற்பிப்பார் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மையே. 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய சொற்களில் ககரம் ஒன்றே. ஒலியோ வேறு வேறு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இவ்வேறுபாட்டை எண்ணாமலே ஒலிக்கிறார். ஒலிக்கேற்பத் தனித்தனி எழுத்துகள் கொண்ட இந்தியைப் படித்து வந்த மாணவரோ எங்கு எவ்வாறு ஒலிப்பது எனத் திகைக்கிறார். சொல்லின் முதலில், மெல்லினத்தை அடுத்து, உயிர்களுக்கு இடையில் என எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது. இதனை விளக்க வேண்டுமாயின், ஆசிரியர் தம் மொழியைப் புதியவரின் கண்கொண்டு பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

ஆங்கில வகுப்பிலும் இதுவே நிலை. 'மரத்தில்' என்பதில் வேற்றுமை உருபு பெயரின் பின் வருகிறது. ஆங்கிலத்தில் அப்பொருள் தரும் சொல் பெயரின் முன் வருகிறது. மாணவரின் பிழை கவனக்குறைவால் நேர்ந்ததா, தாய்மொழி அமைப்பால் நேர்ந்ததா எனப் பிரித்தறியும் திறன் பயிற்சியால் வருவது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் மண்டல மொழி மையங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் 10 மாதப் பயிற்சி அளித்து வந்துள்ளது. தென்மண்டல மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் தமிழ் முதலிய தென்னக மொழிகளுள் ஒன்றைக் கற்கின்றனர். பல்லாண்டு பாடம் நடத்தியவர் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்கிறது. கற்பவரின் தயக்கத்தைத் தாமே உணர்வதைவிடச் சிறந்த பயிற்சி ஆசிரியருக்கு வேறில்லை.

விரைவில் பலரைப் பயிற்றும் முயற்சியும் நடந்ததுண்டு. அன்றைய சென்னை மாநிலத்தில் 1959இல் தொடங்கிய இயக்கம், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தது. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவித்ததால் அது 'சென்னைப் பனிப்பந்து' எனப்பட்டது. இம்முறையின் பரப்பு பெரிது. ஆனால், கைமாறிச் செல்லும் பயிற்சியில் அறிவுரை எஞ்சி, வகுப்பறைச் செயல் தேய்ந்துவிடக் கூடும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ். பிரபுவும் அவருடைய குழுவினரும் வேறு வழியை மேற்கொண்டனர். தாமே வகுப்பில் நின்று, கால அட்டவணை, வரைபடம் ஆகியவற்றைக் கொண்டு மாணவரைச் சிந்திக்கச் செய்து ஆங்கிலம் பயிற்றினர்.

ஆசிரியர் 10 மாதம் வெளியூர் சென்றால் மலைப் பள்ளியின் வகுப்பு என்னாகும் என்னும் வினா நியாயமானதே. அனைவரும் செல்ல வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவரைச் சுற்றி அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, ஒருவர் வகுப்பை மற்றவர் கண்டு, மாணவர் ஏடுகளை ஒன்றாக ஆராயலாம். மலையாளி மக்களின் பேச்சு வழக்கைத் தொகுத்து, எழுத்துத் தமிழோடு ஒப்பிட்டுப் பாடங்களை அமைக்கலாம்.

வீட்டு மொழி எள்ளப்படும் வகுப்பில் பிள்ளை முதலில் இழப்பது பேசும் துணிவை. வாய் திறவாத மாணவருக்கு எந்த மொழியும் வாய்ப்பதில்லை. பிள்ளை கொண்டுவரும் சொல்லைப் பிழையென ஒதுக்காமல், அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரை உருவாக்குவதே இரண்டாம் மொழிப் பயிற்சியின் முதற்கடமையாகும்.