சோம்பேறித்தனம் இல்லீங்க, ரத்தசோகை!

"ஒரே அசதியா இருக்கு"ன்னு வீட்டுல பொம்பளைங்க சொன்னா நம்மாளுங்ககிட்ட ரெடியா மூணு பதில் இருக்கு. "வயசாகுதில்ல", "சீரியல் பார்த்துட்டு லேட்டா தூங்கினா அப்படித்தான்", இல்லாட்டி ஒரு டானிக் பாட்டில். கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

ஆபீஸ்ல சர்வர் தினமும் படுத்துக்கிட்டா லாக் பார்ப்போமா, சும்மா ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருப்போமா? டானிக் வெறும் ரீஸ்டார்ட்தான் மக்களே.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேரும் சோம்பேறிங்களா?

மாதாமாதம் போற ரத்தம், பிரசவம், எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடுற பழக்கம். போதாததுக்கு சாப்பிட்ட கையோட டீ; அது இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. ஹீமோகுளோபின் குறைஞ்சா ஆக்சிஜன் எப்படிப் போகும்? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கத்தான் செய்யும்.

ஹீமோகுளோபின் 12க்கு மேல இருந்தாலும் விட்டுடாதீங்க. இரும்புக் கையிருப்பைக் காட்டுற ஃபெரிட்டின் அதுக்கு முன்னாடியே காலியாகியிருக்கலாம். அதுவும் சரியா இருந்தா தைராய்டு, பி12, சர்க்கரை, மனச்சோர்வு.

"வேலை செஞ்சா களைப்பு வராதா?" வரும் சார். தூங்கி எழுந்தா போயிடும். வாரக்கணக்கா போகலைன்னா அது களைப்பு இல்ல, அறிகுறி.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது. முதல்ல கூட்டிட்டுப் போங்க. கீரை சாப்பிடச் சொல்ற அட்வைஸெல்லாம் அப்புறம் :-)