அரிசிக்குள் புதைக்காதீர்கள்

கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்து வை என்பது இன்று வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியம். வாளியில் விழுந்தாலும், மேலே சாம்பார் கொட்டினாலும், மழையில் நனைந்தாலும் மருந்து ஒன்றுதான். இந்த நம்பிக்கை தவறு. நனைந்த கருவியைக் காப்பாற்றக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் அது தின்றுவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய குறை. வங்கிக் கணக்கு, ஓடிபி, பிள்ளையின் பள்ளிச் செய்தி, கடையில் பணம் வாங்கும் வழி எல்லாம் அந்த ஒரே கருவிக்குள் அடங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பயனற்ற யோசனை சொல்வதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது தண்ணீரில் ஊறப்போட்டால் உண்மை. கைப்பேசிக்குள் போன தண்ணீரோ அரிசியைத் தொடுவதே இல்லை. சார்ஜர் துளை, ஸ்பீக்கர் துளை, சிம் தட்டு வழியே உள்ளே புகுந்து, சில்லுகளுக்கு அடியில் மயிரிழை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது ஆவியாகி வெளியே வந்த பிறகுதான் அரிசிக்கு வேலை. ஆவியாகவோ ஓடும் காற்று வேண்டும். மூடிய டப்பாவில், துளைகளை அரிசியே அடைத்துக்கொண்டிருக்கும்போது காற்றுக்கு ஏது வழி? வீட்டு அரிசி வறண்ட பொருளும் இல்லை. அதன் எடையில் ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் ஏற்கெனவே ஈரம்தான். தானியத்தின் ஈரம் எவ்வளவு பிடிவாதமானது என்று டெல்டா விவசாயியிடம் கேட்டால் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அதிகபட்சம் 17 சதவீத ஈரப்பதம் என்பது விதி. மழை பெய்த பருவங்களில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை வைக்கிறார்கள். நெல்லைச் சாலையில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். தன் ஈரம் போகவே வெயிலையும் காற்றையும் நம்பியிருக்கும் தானியத்தை இன்னொரு பொருளின் ஈரத்துக்கு மருந்தாக்கியிருக்கிறோம்.

“அரிசியில் வைத்தோம், மறுநாள் வேலை செய்ததே” என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்த கருவி, சும்மா மேசையில் கிடந்திருந்தாலும் பிழைத்திருக்கும். இந்த வைத்தியத்துக்குப் பெயர் கிடைத்ததில் பழைய பட்டன் போன்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அவற்றின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துத் தனியே வைத்துவிட்டுத்தான் அரிசியில் போட்டார்கள். காப்பாற்றியது பேட்டரியைக் கழற்றிய கை. புகழ் அரிசிக்குப் போனது. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரியை நாம் கழற்ற முடியாது. உண்மையான மருந்து கைவிட்டுப் போய், அரிசி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற வாதத்தைத்தான் நான் மிகவும் மறுக்கிறேன். கெடுப்பது ஈரம் மட்டுமாக இருந்தால் காத்திருக்கலாம். ஈரத்தோடு கரண்ட்டும் சேர்வதுதான் ஆபத்து. தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். கைப்பேசி பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 3.7 வோல்ட். அணைத்து வைத்தாலும் போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். செம்பு இழைகள் அரித்துக் களிம்பு பிடிப்பது அரிசிக்குள் காத்திருக்கும் அந்த மணிநேரங்களில்தான். சாம்பார், தேநீர், கடல்நீர் என்றால் உப்பும் சர்க்கரையும் சேர்கின்றன. தண்ணீர் காய்ந்தாலும் அவை உள்ளேயே படிந்துவிடும்; எத்தனை படி அரிசி கொட்டினாலும் வெளியே வராது. போதாததற்கு அரிசி மாவும் நொய்யும் சார்ஜர் துளையில் போய் அடைத்துக்கொள்கின்றன. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் உதவிக் குறிப்பிலேயே, அரிசித் துகள் கருவியைக் கெடுக்கலாம், அரிசிப் பையில் போடாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

பழுதுபார்க்கும் கடைக்குப் போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. சரியான முதலுதவிக்கும் காசு செலவில்லை. உடனே அணைக்க வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. வேலை செய்கிறதா என்று மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்கவும் கூடாது. சிம் தட்டை வெளியே எடுத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வைக்கலாம். ஹேர் டிரையர் வேண்டாம்; அந்தச் சூடு பசையையும் பேட்டரியையும் கெடுக்கும். நீர்த்தடுப்புக்கான ஐபி68 முத்திரை இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம்: அது புதுக் கருவியை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்துக் கொடுத்தது, நாள்பட்டால் உள்ளே அடைப்புகள் தளரும். விழுந்தது உப்புநீரிலோ குழம்பிலோ என்றால், காயும்வரை காத்திருக்காமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து போர்டைக் கழற்றிக் கழுவச் சொல்ல வேண்டும். என்ன கொட்டியது என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதைக் கொண்டு கழுவுவது, எவ்வளவு அவசரம் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.