வட்டிலப்பத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

புத்தளம், கற்பிட்டி, பாலாவிப் பக்கத்து வாப்பாமார், உம்மாமார், பேக்கரி நடத்தும் காக்காமார் எல்லோருக்கும் இந்தக் கடிதம்.

இத்தாலிக்கு வரும் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஓயாமல் கேட்கிறீர்கள். இறைச்சிக்குக் கவலை இல்லை, நான் இருக்கும் கத்தானியாவில் ஹலால் கடைகள் இருக்கின்றன. கவனம் வேண்டியது இனிப்பில்தான்.

கத்தானியா இருக்கும் இந்தச் சிசிலித் தீவில் பேர்போன இனிப்பு கன்னோலி. மாவைக் குழலாகச் சுருட்டிப் பொரித்து, உள்ளே செம்மறியாட்டுப் பாலில் செய்த ரிக்கோட்டா என்ற மென்மையான பாற்கட்டியைச் சீனியோடு குழைத்து நிரப்புவார்கள். பழைய கைப்பக்குவத்தில் அந்த மாவில் பன்றிக்கொழுப்பும் மார்சாலா வைனும் சேரும். பாலாடையில் செய்யும் பன்னா கோட்டாவை உறைய வைக்கும் ஜெலட்டினும் பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. கோப்பியில் நனைத்த பிஸ்கட்டை அடுக்கிச் செய்யும் திராமிசுவில் பல கடைகள் மது விடும். பாபா என்பது ரம்மில் ஊறிய கேக், அதன் பக்கம் போகவே வேண்டாம். சேர்மானத்தில் ‘ஸ்த்ருத்தோ’ என்று கண்டால் பன்றிக்கொழுப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை, கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

வெண்ணெய் போட்டுப் பிசைந்து, வைனுக்குப் பதில் வினாகிரி விட்டு, எண்ணெயில் பொரிக்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறேன். அங்கே நிரப்பிய கன்னோலி ஒன்றையும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். நாம் கேட்ட பிறகுதான் கடைக்கார அம்மா வெறுங்குழலை எடுத்து, இரண்டு பக்கமும் ரிக்கோட்டாவைப் பிதுக்கி, முனைகளை நறுக்கிய பிஸ்தாவில் தோய்த்துத் தருவார். முன்கூட்டியே நிரப்பினால் ஓடு ஊறிப் பதம் கெட்டுவிடும். கடித்தால் ஓடு நொறுங்கிச் சட்டையெல்லாம் தூள். குளிர்ந்த ரிக்கோட்டாவுக்குப் பின்னால் மெல்ல ஒரு வாசனை வரும். கறுவா!

1344இல் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது, ஆறுகள் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். மஃபர் என்ற சோழமண்டலக் கரைக்காரர்களும் மலபார்க்காரர்களும், அவர் சுல்தான் என்று எழுதும் அவ்விடத்து மன்னருக்குத் துணிமணி கொடுத்துவிட்டு, விலை இல்லாமலே அள்ளிப் போனார்களாம். ஏற்றுமதியில் நாம் ஏமாறுவது நேற்றுத் தொடங்கியதல்ல போலிருக்கிறது.

இனிப் பேக்கரிக்காரர்களிடம் ஒரு சொல். எட்னா எரிமலைச் சரிவில் ப்ரோந்தே என்று ஓர் ஊர். அங்கே பிஸ்தா பறிப்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பிஸ்தாவுக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்தது. இன்று கடைகளில் பிஸ்தா என்று மட்டும் எழுதி வைப்பதில்லை, ப்ரோந்தே பிஸ்தா என்று ஊர்ப்பெயரோடு எழுதுகிறார்கள். விலை கூடத்தான், ஆனாலும் சனம் வாங்குகிறது. நம் வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் கஜுவை எந்தக் கடையாவது அப்படிப் பேர் சொல்லி விற்கிறதா?

போன தடவை ஊருக்கு வந்தபோது நம் கண்ணாடிப் பெட்டிகளில் நான் கண்டது, தாவர எண்ணெயை அடித்து நுரைக்க வைத்த பெட்டிக் க்ரீம் பூசிய கேக்குகள். வாயில் வைத்தால் சீனியும் மெழுகும் மட்டுந்தான் தெரிகிறது. இருப்பது தென்னை முக்கோணத்தில், க்ரீம் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டுமா? தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்து ஆவியில் அவிகிற வட்டிலப்பம் எந்தப் பன்னா கோட்டாவுக்கும் இளைத்ததல்ல. ஜெலட்டின் என்ற சந்தேகமும் அதில் இல்லை. அதைப் பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். தொதலுக்கும் இதே கதிதான்.

கேக்கை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அது வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டை மட்டும் ஒதுக்குங்கள். சின்னக் கிண்ணங்களில் வட்டிலப்பம் அவித்துக் குளிரவைத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறவர்களுக்கு விற்றுப் பாருங்கள். கஜுவை முந்தின நாளே தூவி வைக்காதீர்கள், நமுத்துவிடும். ஆள் வந்து கேட்ட பிறகு வறுத்த கஜுவைத் தூவிக் கொடுங்கள்.