'வெளிச்சம்' என்னும் கூலி

திறமை இருந்தால் கிளப் மேடை தானே தேடிவரும் என்பது, வளரும் டிஜேக்களுக்குக் கிளப் மேலாளர் முதல் பண்பாட்டு ஆய்வாளர் வரை பலரும் வழங்கும் அறிவுரை. இது யாருக்கு வசதியானது என்று கேட்டாலே இதன் பொய்மை விளங்கும்.

முதன்முறையாக மேடை கேட்டு வருபவரிடம் வழக்கமாக எழுப்பப்படும் கேள்விகள் மூன்று. இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்? எத்தனை நண்பர்களை அழைத்துவர முடியும்? முதல் சில இரவுகள் ஊதியமின்றி இசைக்கச் சம்மதமா? இவற்றுள் ஒன்றேனும் இசை குறித்ததன்று. மூன்றும் பணத்தையும் நகரத்து உறவுகளையும் அளப்பவை. பியர் பூர்தியூ சமூக மூலதனம் என்று குறித்தது இதைத்தான். அந்த மூலதனம் இல்லாதவருக்குக் கூலியாகத் தரப்படுவது 'எக்ஸ்போஷர்', அதாவது வெளிச்சம்.

குண்டலுபேட்டையிலிருந்து நோக்கினால் இக்கணக்கு இன்னும் தெளிவாகும். மைசூர் ஏறத்தாழ 60 கி.மீ., பெங்களூர் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவு. நள்ளிரவு கடந்து முடியும் நிகழ்ச்சிக்குச் சென்றால் போக்குவரத்து, உணவு, தங்குமிடம் அனைத்தும் கலைஞரின் தலையில். தெற்கே உதகையிலோ வயநாட்டிலோ விடுதி விருந்துகளில் இசைப்பவருக்கும் அன்றிரவே வீடு திரும்ப வழியில்லை. பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. காட்டுயிர்களுக்கு அத்தடை இன்றியமையாதது, அதில் வாதமில்லை. அதனால் கூடும் செலவை ஏற்பவர் யார் என்பதே வினா. நகரத்தில் பெற்றோர் வீட்டில் தங்கி, சொந்தக் கருவியில் பயிலும் இளைஞருக்கு ஊதியமற்ற இரவு ஒரு முதலீடு. குண்டலுபேட்டை இளைஞருக்கு அது கடன். இருவரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, எடை கூடியவரைத் 'திறமையாளர்' என்கிறார்கள்.

சாயத்துக்காக ஒப்பந்த முறையில் செண்டுமல்லி விளையும் வட்டாரம் அது. பூவுக்கு விலை முன்கூட்டியே பேசப்படுகிறது. அதே மண்ணின் இளைஞர் இசைக்கும் இரவுக்கு விலை பேசப்படுவதில்லை.

கிளப்புகளுக்கு வருமானம் உறுதியில்லை, அறிமுகமற்றவருக்கு எப்படிப் பணம் தருவது என்னும் மறுப்பு எழலாம். ஆனால் அதே கிளப் மதுவுக்கு உரிமக் கட்டணம் செலுத்துகிறது. பெங்களூரின் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான 2005ஆம் ஆண்டு உரிம ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தபின், இசைக்கும் உரிமம் பெற்றாக வேண்டும். ஒலிப்பதிவுகளை ஒலிபரப்பப் பிபிஎல் நிறுவனத்துக்கும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்காக ஐபிஆர்எஸ் அமைப்புக்கும் கட்டணம் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் கட்டண விகிதமும் ரசீதும் உள்ளன. அவ்வறையில் விகிதமும் ரசீதும் இல்லாத ஒரே பொருள் டிஜேயின் உழைப்பு. உறுதியற்ற வருமானத்தின் சுமை அவர்மீது மட்டும் இறங்குவதற்குக் காரணம், அவரிடம் பேரம்பேசும் வலு இல்லை என்பதே.

'கிக்' என்னும் சொல்லே இசைக்கலைஞர்களின் பேச்சுவழக்கில் பிறந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஓரிரவு வேலையை அவ்வாறு அழைத்தனர். கர்நாடகம் 2025இல் கிக் தொழிலாளர் நலச் சட்டம் இயற்றியது. அது செயலிவழி வேலைசெய்வோருக்கானது. வாட்ஸ்அப் செய்தி ஒன்றின் பேரில் மேடையேறும் கலைஞர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. சொல்லைத் தந்தவர்களுக்குச் சட்டம் இல்லை.

ஊதியமின்றி இசைப்பது பயிற்சிக்காலம் என்பது இன்னொரு மறுப்பு. பயிற்சிக்கு ஆசான் உண்டு, பாடம் உண்டு, முடிவு நாள் உண்டு. இங்கு மூன்றும் இல்லை. கூலியற்ற இசை தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதுமன்று. பறையடித்தல் சாதியின் பெயரால் கட்டாய ஊழியமாக்கப்பட்ட ஊர்களில், அடிக்க மறுத்ததே தலித் எழுச்சியின் போராட்ட வடிவங்களுள் ஒன்றாயிற்று. அக்கொடுமையும் கிளப் இரவும் ஒன்றல்ல. அங்கே வற்புறுத்தியது சாதி, இங்கே வற்புறுத்துவது நம்பிக்கை. எனினும், கூலி கேட்பது கலைக்கு இழுக்கு என்னும் பேச்சு கலைஞரைக் காத்ததாக வரலாறில்லை.

காத்தது அமைப்பு. சென்னையில் திரையிசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டிய இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன், இசைப்பவரும் தொழிலாளரே என்பதை நிலைநாட்டினார். பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கம் ஊதியமற்ற மேடைகளுக்கு எதிராகத் தொடர்ந்து பேசிவருகிறது. டிஜேக்களுக்கும் வேண்டியவை எளியவை: எழுத்தில் ஒப்பந்தம், எவரும் கீழிறங்கக் கூடாத குறைந்தபட்ச ஊதியம், வெளியூர்க் கலைஞருக்குப் பயணப்படி, நிகழ்ச்சி கைவிடப்பட்டால் திருப்பித்தர வேண்டாத முன்பணம். நாதசுரக் கச்சேரிக்கு வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்த ஊருக்கு இவை அந்நியக் கோரிக்கைகள் அல்ல.

தொடக்கம் கிளப்பில்தான் நிகழ வேண்டும் என்பதுமில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மேற்கோள் விலை கேட்டு வாங்கும் கல்லூரி விழாக்குழுக்கள், வளரும் கலைஞரிடம் மட்டும் 'வாய்ப்புத் தருகிறோம்' என்கின்றன. உழைப்புச் சுரண்டலைப் பற்றி ஆய்வேடு எழுதும் துறைகள், தத்தம் ஆண்டுவிழாவின் வரவுசெலவுக் கணக்கில் கலைஞர் ஊதியம் என்னும் வரியில் என்ன தொகை எழுதப்பட்டுள்ளது என்று முதலில் பார்க்கட்டும்.